உப்புத் தண்ணி, மணல் பூமி: கத்தரி, மிளகாய்க்கு எவ்வளவு இடைவெளி, நடுவுல என்ன போடலாம்?

உச்சிப்புளிக்காரி:
வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்கு வடக்கே 12 செண்டு மணல் பூமி. ராத்திரி படுத்தா அலைச் சத்தம் கேட்கும், அவ்வளவு கிட்ட கடல். ரெண்டு வருசமா கடை உரமும் இல்லை, மருந்தும் இல்லை. ஆட்டுப் புழுக்கை, வேப்பம்புண்ணாக்கு, மீன் கழிவுல போட்ட மீன் அமிலம், அவ்வளவுதான்.

போன வருசம் "நெருக்கி நட்டா மண்ணு காயாது"ன்னு ஒரு வீடியோவுல சொன்னதை நம்பி, பார் (வாய்க்காலுக்கு நடுவுல மேடா அணைச்ச மண்ணு) உச்சியில ஒரு அடிக்கு ஒரு கத்தரி, நடுவுல முண்டு மிளகாய், அதுக்கும் நடுவுல சின்ன வெங்காயம், ஓரத்துல சீனியவரை, அதான் கொத்தவரைன்னு போட்டேன். கார்த்திகை வரைக்கும் கண்ணு பட்டுடும் போல இருந்துச்சு. தையில மழை நின்னு கிணத்துத் தண்ணி பாய்ச்சினேன், வெங்காயத் தாள் நுனியில இருந்து கருகிடுச்சு. கத்தரிச் செடியைத் தொட்டாலே மாவைத் தட்டின மாதிரி வெள்ளை ஈ கிளம்பும். மிளகாய் இலை ஓடம் மாதிரி மேல்பக்கமா சுருண்டுச்சு. சீனியவரை மட்டும் எனக்கென்னன்னு காய்ச்சுது.

இந்த ஆவணியில நாத்துப் பாவணும். எதை எங்கே, எவ்வளவு தள்ளி நடுறது? வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர். "மீன் இருக்கும்போது கத்தரிக்காய்க்கு ஏன் அழுவுற"ங்கிறார். அவர்கிட்ட கேட்டுப் பிரயோசனம் இல்லை.

சாயல்குடி சம்சாரி:
தங்கச்சி, நீங்க உச்சியில நட்டதுதான் முதல் தப்பு. தண்ணி பாய்ச்சி ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க, பார் உச்சியில சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு வெள்ளைத் தோல் படிஞ்சிருக்கும். நகத்தால சுரண்டி நாக்குல வச்சா தெரியும். வாய்க்கால் ஈரம் ரெண்டு பக்கமும் மேலே ஏறி, உச்சியில வந்துதான் காயும். உப்பு அங்கேயே தங்கிடும். செடியைச் சரிவுல நடுங்க, பாதி உயரத்துல.

வெங்காயம் உப்பே தாங்காது, சீனியவரை நல்லா தாங்கும். உங்க தோட்டமே அதைச் சொல்லிடுச்சு. வெங்காயம் வேணும்னா ஐப்பசி முதல் மழைக்கே ஊன்றிடுங்க. 65, 70 நாள்ல, கிணத்தைத் தேடிப் போறதுக்கு முன்னாடி, மார்கழியிலேயே பிடுங்கிடலாம்.

இடைவெளி: கத்தரிக்கு ரெண்டு பக்கமும் 2 அடி. நாத்து மிளகாய்க்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒரு முழம். நட்ட புதுசுல அந்தக் காலி மண்ணைப் பார்த்தா மனசு பொறுக்காது, எனக்கும் அப்படித்தான். அதுல சிறுகீரையைத் தூவுங்க, 25 நாள்ல பிடுங்கியாச்சு. கொத்தமல்லின்னா 40 நாள். கத்தரி கை விரிக்கும்போது நடுவுல யாரும் இருக்கக் கூடாது, அதுதான் கணக்கு.

கத்தரியையும் மிளகாயையும் கலந்து நடாதீங்க. ரெண்டும் ஒரே குடும்பம், ஒண்ணுக்கு வந்த பூச்சி அடுத்த வீட்டுக்கும் போகும். இடையில நாலு வரிசை சீனியவரை வச்சுப் பிரிங்க, வரிசை முக்கால் முழம், செடிக்குச் செடி அரைச் சாண். அப்புறம், மேல்பக்கம் சுருண்டா இலைப்பேன், கீழ்ப்பக்கம் கவுந்தா சிலந்தி, வலை பின்னுறது இல்லை, கண்ணுக்குத் தெரியாம சாறு உறிஞ்சுற பொடிப் பூச்சி. உங்களுது பேன்.

மண்டபம் பையன்:
அக்கா, அண்ணன் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. காத்து. தோட்டத்தைச் சுத்தி ரெண்டு மூணு வரிசை மக்காச்சோளம் போடுவாங்க, வெள்ளை ஈயும் பேனும் உள்ளே வர்றதைக் கொஞ்சம் தடுக்கும். நடுறதுக்கு மூணு வாரம் முந்தியே விதைச்சாதான் அதுக்குள்ள முழங்கால் உயரமாவது எட்டிப் பார்க்கும். விதை கம்மியா இருந்தா எல்லாரும் மேற்கேதான் போடுவாங்க, மேல்காத்து கச்சானை நினைச்சுக்கிட்டு. ஆனா உங்க பயிர் நிக்கிறது வாடைக் காலத்துல. அப்போ தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கி, வடக்கே பாக் விரிகுடாப் பக்கம்தான் கொந்தளிக்கும், உப்புச் சாரலும் அங்கிருந்துதான். உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க, இதை மட்டும் சரியாச் சொல்வார். வடக்கேயும் கிழக்கேயும் அடர்த்தியா போடுங்க. அந்த மாசங்கள்ல சூரியன் தெற்கே சாய்ஞ்சு போறதால வடக்கு வரிசையோட நிழல் பயிர்மேல விழாது.

இன்னொண்ணு, மீன் அமிலம்னு சொன்னீங்களே, என்ன மீன்?

உச்சிப்புளிக்காரி:
அய்யோ தம்பி. போன வருசம் பச்சை மீன் கழிவு கிடைக்காம, கருவாட்டுக் கொட்டகையில இருந்து ஒரு வாளி வாங்கி வெல்லம் போட்டு ஊற வச்சேன். உப்பு போட்ட கழிவு. அதைத்தான் வேருக்கு ஊத்தியிருக்கேன், இப்போதான் உறைக்குது. மிச்சம் ரெண்டு பாட்டில் இருக்கு.

அண்ணே, நேத்து ஓலைவேலி ஓரமா கயிறு கட்டி 2 அடிக்கு ஒரு குச்சி ஊன்றிப் பார்த்தேன். போன வருசம் ஒரு வரிசையில நட்ட கத்தரியில பாதிதான் பிடிக்கும். வீட்டுக்காரர் பார்த்துட்டு, "இது தோட்டமா, வலை காயப் போடுற இடமா"ன்னார். வாடைக் காத்து விசயத்தைச் சொன்னதும் கயிறை அவரே வாங்கி வடக்கு ஓரத்துல இழுத்துக் கட்டிட்டார்.