பீட்டரின் அம்மா உடுத்தியிருந்த கட்டம் போட்ட உடை

நியூயார்க், ப்ரூக்ளினிலிருந்து ஒரு தாய்:

எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதிப் படம் வரைந்த 'தி ஸ்நோவி டே' என்ற குழந்தைகள் படநூல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது, என் அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த ஒரு குளிர்காலத்தில். நூலகத்தில் என் மகள் தானாகவே எடுத்துக்கொண்ட புத்தகம் அது. அட்டையில், தலையை மூடும் சிவப்பு அங்கி அணிந்த பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன், பனியில் தான் பதித்த காலடித் தடங்களைத் திரும்பிப் பார்த்தபடி நிற்கிறான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பதால் நான் கதையைச் சொல்லச் சொல்ல அவர் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாடிவிட்டு வீடு திரும்பிய பீட்டரின் நனைந்த காலுறைகளை அவன் தாய் கழற்றிவிடும் பக்கம் வந்ததும், அந்தத் தாயின் கட்டம் போட்ட உடைமேல் விரலை வைத்து, "இது என்னடி, அடுக்களை அலமாரியில விரிக்கிற மெழுகுத்துணி மாதிரி இருக்கு?" என்றார். நான் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். சில வாரங்கள் கழித்து, இந்தப் படங்களை எப்படி உருவாக்கினேன் என்று கீட்ஸ் சொன்னதைப் படித்தபோதுதான், அந்த உடை உண்மையிலேயே அலமாரியில் விரிக்கும் மெழுகுத்துணியிலிருந்து வெட்டி ஒட்டியது என்று தெரிந்தது. அதற்குள் அம்மா ஊருக்குத் திரும்பியிருந்தார். தொலைபேசியில் சொன்னபோது, "பின்னே, எனக்குத் தெரியாதா?" என்பதோடு முடித்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் கீட்ஸின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவர் 1916இல் இதே ப்ரூக்ளினில், போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். யூதர் மீதான வெறுப்பு வெளிப்படையாக இருந்த அந்நாளில், 1947இல் பெயரை மாற்றிக்கொண்டார். தந்தை கிரீன்விச் வில்லேஜில் ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக இருந்தார். ஓவியம் சோறு போடாது என்று மகனைக் கண்டித்துக்கொண்டே இருந்த அந்த மனிதர், அவ்வப்போது வண்ணக் குழாய்களோடு வீட்டுக்கு வருவார். பசியோடு வந்த ஓவியர் ஒருவர் ஒரு கிண்ணம் சூப்புக்கு மாற்றாக இதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று காரணமும் சொல்வார். மகனின் உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய நாள் அவர் மாரடைப்பால் இறந்தார். உடலை அடையாளம் காட்டப் போன மகன், தந்தையின் பணப்பையைத் திறந்து பார்த்தபோது, தான் வாங்கிய பரிசுகளைப் பற்றிய செய்தித்தாள் துணுக்குகள் மடித்து மடித்து நைந்துபோய் அதற்குள் இருந்தன.

பீட்டரும் மறுநாளைக்கு வேண்டும் என்று ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பைக்குள் ஒளித்து வைப்பான். படுக்கப் போகும் முன் பார்த்தால் பை காலியாக இருக்கும். இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லைதான், ஆனாலும் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பணப்பை நினைவுக்கு வந்துவிடுகிறது. என் மகளோ பாடத்தை வேறு விதமாகக் கற்றாள். அடுத்த பனிநாளில் அவளுடைய மேலங்கிப் பையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, மாடிப்படி முழுவதும் நான் துடைக்க வேண்டியதாயிற்று.

நியூயார்க் பொது நூலகம் தன் 125ஆம் ஆண்டை ஒட்டி 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, அதன் வரலாற்றில் மிக அதிகமுறை இரவல் தரப்பட்ட நூல் இதுவே: 4,85,583 முறை. ப்ரூக்ளினுக்குத் தனி நூலக அமைப்பு உண்டு என்பதால், நாங்கள் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்த இரவல் இந்தக் கணக்கில் சேராது.

நியூ ஜெர்சியிலிருந்து, வாரஇறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியை:

சகோதரி, உங்கள் அம்மாவின் கண்ணுக்கு என் வணக்கம். அதே உடையைப் பற்றி எதிர்மறையாக எழுதியவரும் உண்டு. நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 1965இல் அமெரிக்கக் குழந்தை நூல்களை ஆராய்ந்து, மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,206 நூல்களில் 349 நூல்களில் மட்டுமே கறுப்பினத்தவர் இடம்பெற்றதாகக் காட்டினார். புகழ்பெற்ற அந்தக் கட்டுரையிலேயே, பருத்த உருவமும் பகட்டான மஞ்சள் கட்ட உடையுமாகத் தாய் வரையப்பட்டிருப்பதையும், பீட்டரின் இனத்தைப் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லாததையும் குறை சொன்னார். முதல் குறையில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவதை ஏற்க முடியவில்லை. லைஃப் இதழில் 1940இல் வந்த, ஜார்ஜியாவில் இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் கறுப்பினச் சிறுவனின் படங்களை வெட்டி எடுத்து, 22 ஆண்டுகள் கழித்து அவனை நாயகனாக்கிய கீட்ஸ், அவன் ஆரம்பத்திலிருந்தே புத்தகங்களில் இருந்திருக்க வேண்டியவன் என்பதால்தான் வரைந்தேன் என்றார். இருக்க வேண்டியவன் இருப்பதற்கு விளக்கம் எதற்கு?

இந்த நூலைப் படித்த பிறகுதான் தன் வகுப்புக் குழந்தைகள் தங்களை வரைய முதன்முறையாகப் பழுப்பு வண்ணத்தை எடுத்தார்கள் என்று ஓர் ஆசிரியை கீட்ஸுக்குக் கடிதம் எழுதினாராம். நானும் ஆசையோடு வகுப்பில் படித்துக் காட்டிவிட்டு, உங்களை வரையுங்கள் என்றேன். எங்கள் பிள்ளைகள் 'ஸ்கின் கலர்' என்று கேட்டு வாங்குவது வெளிர் ரோஜா நிற மெழுகுக்குச்சியைத்தான். அன்று ஒரே ஒரு சிறுவன் பழுப்பை எடுத்தான். அதுவும் அவன் நாய்க்கு. நாய் முடிந்த பிறகு குச்சியைத் தன் கைமேல் வைத்துச் சற்று நேரம் பார்த்தான். பிறகு முகத்துக்கும் அதையே தீட்டினான்.

சென்னையிலிருந்து, நூல்களுக்குப் படம் வரைபவர்:

அம்மா சொன்னது எனக்கு வியப்பளிக்கவில்லை. துணியைப் புழங்கியவர்களுக்குத்தான் துணி தெரியும். கீட்ஸ் அதுவரை சித்திரக்கதைகளுக்குப் பின்புலம் வரைந்தவர், போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்கு உருமறைப்பு வடிவங்கள் தீட்டியவர், பிறருடைய கதைகளுக்குப் படம் போட்டவர். தாமே எழுதித் தாமே படம் செய்த முதல் நூலான இதில்தான் துணியும் காகிதமும் வெட்டி ஒட்டும் ஒட்டுப்படத்துக்கு வந்தார். படுக்கை விரிப்புக்கு ஓவியச் சீலை, பனித்திவலைகளுக்கு ரப்பரைச் செதுக்கிய அச்சு, பீட்டர் உறங்கும் அறையின் சாம்பல் நிறத்துக்குப் பல் துலக்கும் தூரிகையால் தெறித்த கறுப்பு மை. 1963இல், அமெரிக்காவில் சிறந்த குழந்தைப் படநூலுக்குத் தரப்படும் கால்டிகாட் பதக்கத்தை இதற்காகப் பெற்றார்.

அந்தத் தெறிப்பு வேலையை நானும் செய்து பார்த்தேன். கட்டைவிரலால் தூரிகையின் முடியை இழுத்துவிடும்போது மை கொஞ்சம் கூடினாலும் புள்ளி புள்ளியாக விழாமல் சொட்டாக விழுகிறது. காகிதத்தில் சாம்பல் நிறம் சரியாக வருவதற்குள் என் சட்டையில் வந்துவிட்டது.

ப்ரூக்ளின் தாய்:

ஐயா, தங்கள் சட்டைக்கு வருந்துகிறேன். ஆசிரியை அவர்களே, அந்தச் சிறுவனின் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். இங்கே ப்ராஸ்பெக்ட் பூங்காவில் பீட்டரும் அவன் நாய் வில்லியும் வெண்கலச் சிலைகளாக இருக்கிறார்கள். பனி விழுந்தால் பீட்டரின் தலையைத் தட்டிவிடுவது என் மகள் தனக்குத் தானே ஒப்படைத்துக்கொண்ட வேலை. இந்தக் குளிர்காலத்தில் அம்மா மறுபடியும் வருகிறார். படுக்கை விரிப்புப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருக்கப் போகிறேன்.