20 வயதில் கேப்டன்: நெல்சனுக்கு மட்டும் எப்படி?

அலைவாய்: பாய்மரக் காலத்து பிரிட்டிஷ் கடற்படை பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒன்று புரியவில்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற அட்மிரலான நெல்சன் 1771இல் 12 வயதில் கப்பல் ஏறினார், 1779இல் கேப்டன். அவருடைய நண்பர் காலிங்வுட் பத்து வயது மூத்தவர், 1761இலேயே சேர்ந்தவர், ஆனால் லெப்டினன்ட் ஆகவே 1775 வரை காத்திருந்தார். தரைப்படையில் பதவியைக் காசு கொடுத்து வாங்குவார்களாமே, இங்கேயும் அப்படித்தானா?

சுக்கான்: இல்லை, கடற்படையில் பதவி விலைக்குக் கிடையாது. லெப்டினன்ட் ஆக ஆறு வருடம் கடலில் கழித்திருக்க வேண்டும், அப்புறம் கேப்டன்கள் உட்கார்ந்து கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வு. ஆனால் தேறினால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு கப்பலில் இடம் கிடைத்தால்தான் பதவி, அங்கேதான் செல்வாக்கு வேலை செய்தது. நெல்சனின் தாய்மாமன் சக்லிங் 1775இல் கடற்படை நிர்வாகத்தில் மிகப் பெரிய பொறுப்புக்கு வந்தார். 1777இல் மருமகனுக்குத் தேர்வு வைத்தவர்களில் அவரும் ஒருவர்! சான்றிதழில் வயது இருபதுக்கு மேல் என்று எழுதினார்கள், உண்மையில் பதினெட்டுதான்.

கொற்கையான்: மாமன் தயவு என்று அதோடு முடித்துவிடாதீர்கள், சக்லிங் 1778இலேயே இறந்துவிட்டார். கேப்டன் பதவி தந்தது ஜமைக்காவில் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைமை வகித்த பீட்டர் பார்க்கர். அங்கே காய்ச்சல் ஆட்களைக் கொன்றுகொண்டே இருந்ததால் இடங்கள் காலியாகிக்கொண்டே இருந்தன. நெல்சன் காலி செய்த இடத்துக்கெல்லாம் பின்னாலேயே வந்தவர் காலிங்வுட்தான், லோஸ்டாஃப், பேட்ஜர், ஹிஞ்சின்புரூக் என்று மூன்று கப்பல்களிலும். கடைசிக் கப்பலில் 200 பேரில் 180 பேரை அடக்கம் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த எண்ணிக்கையைப் படித்த பிறகு பதவி உயர்வு என்ற சொல்லே எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. நெல்சனும் சாவைத் தொட்டுத் திரும்பியவர்தான். 1774இல் சீஹார்ஸ் கப்பலில் சென்னைக்கு வந்த பையன், இந்தியப் பெருங்கடலில் நோயில் விழுந்து 1776இல் ஊருக்கு அனுப்பப்பட்டார்.

அலைவாய்: சரி, கேப்டன் ஆன பிறகு?

சுக்கான்: அதற்கு மேல் திறமைக்கும் இடமில்லை, சிபாரிசுக்கும் இடமில்லை, எல்லாம் மூப்புப் பட்டியல், அதாவது யார் முதலில் கேப்டன் ஆனார் என்ற வரிசை. உங்களுக்கு மேலே இருப்பவர்கள் செத்தாலோ உயர்ந்தாலோதான் நீங்கள் நகர முடியும், அதனால்தான் எல்லோரும் சின்ன வயதிலேயே அந்தப் பட்டியலில் ஏறத் துடித்தார்கள். அட்மிரல் ஆனாலும் கப்பல் கிடைக்கும் என்று உறுதி இல்லை. கேப்டனாக இருந்த நெல்சனே சண்டை இல்லாத காலத்தில் ஐந்து வருடம் அரைச் சம்பளத்தில் நார்ஃபோக் கிராமத்தில் உட்கார்ந்திருந்தார், 1793இல் பிரான்சோடு போர் வந்ததால்தான் மறுபடி கடல்.

கொற்கையான்: பட்டியல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு புரோவோ வாலிஸ் என்ற அதிகாரியைப் பாருங்கள். 1795இல் நான்கு வயதுக் குழந்தையின் பெயரை அப்பா ஒரு கப்பலின் ஆள் கணக்கில் சேர்த்துவிட்டார். 1813இல் பிரிட்டிஷ் கப்பல் ஷானன் அமெரிக்கர்களின் செசபீக்கைப் பிடித்தபோது கேப்டனுக்குப் பலத்த காயம், முதல் லெப்டினன்ட் சாவு, 22 வயது வாலிஸ்தான் கப்பலைக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தார். பிரெஞ்சுப் போர்க்காலத்தில் கப்பலுக்குத் தலைமை தாங்கியவர்களுக்குக் கட்டாயப் பணி ஓய்வு கிடையாது என்று 1870இல் விதி வந்தது, அந்தச் சில நாள் தலைமைக்காக 1892இல் நூறு வயதில் இறக்கும்வரை அவர் பணிப்பட்டியலிலேயே இருந்தார்.