தினசரி மோதிரத்துக்கு எந்த நிற சஃபையர்?

செங்காங் வாசி:
தினமும் போடும் மோதிரம், ஒற்றைக் கல், 6 மில்லிமீட்டர் வட்டம். இங்கே சிங்கப்பூர் தேக்காவில் நான்கு கடை ஏறி இறங்கியாச்சு. நீலம், மஞ்சள், பிங்க், பச்சைநீலம், வெள்ளை எல்லாமே சஃபையர் என்கிறார்கள். விலைதான் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. எல்லாம் ஒரே கல்லா? எந்த நிறத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

கல்தராசு:
ஒரே கல்தான். எல்லாம் குருந்தம் (ஆங்கிலக்காரன் வைத்திருக்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம்மிடமிருந்து போனதுதான்), கடினம் பத்துக்கு 9. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம், இரும்பு மட்டும் என்றால் மஞ்சள் அல்லது பச்சை, குரோமியம் என்றால் பிங்க். குரோமியம் கூடினால் மாணிக்கம். ஆக, உழைப்பதில் நிறத்துக்கு நிறம் வித்தியாசமில்லை. 6 மி.மீ. வட்டம் ஏறக்குறைய 1 கேரட் வரும்.

அதிகம் ஏமாறுவது நீலத்தில். கல்லை வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பல இலங்கைக் கற்களில் உடம்பெல்லாம் வெள்ளையாக இருக்கும், அடிமுனையில் மட்டும் ஒரு நீலத் திட்டு. மேலிருந்து முழுக்க நீலமாகத் தெரிவது அந்தத் திட்டின் வேலை. அது குறையல்ல, பின்னால் மறுபட்டை தீட்டினால் நிறம் போய்விடும், அவ்வளவுதான். இரும்பு கூடிய ஆஸ்திரேலியக் கற்களின் கதை வேறு. கடை விளக்கில் நல்ல நீலம், வெளியே வந்தால் மை. காலை பத்து மணிக்கு அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில், வெயில் படாத வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். கல்லை நாளிதழ் மேல் வைத்து நடுவில் எழுத்து தெரிந்தால் பட்டை ஆழமில்லை என்று அர்த்தம்.

வெள்ளையை வைரத்துக்குப் பதிலாக வாங்காதீர்கள். மினுக்கத்துக்குக் காரணமான ஒளிவிலகல் எண் வைரத்துக்கு 2.42, இதற்கு 1.77 தான். இந்த ஊர் வியர்வையும் சோப்பும் பின்பக்கம் படிந்தால் ஒரே வாரத்தில் மங்கும். தினசரிக்கு என் ஓட்டு பச்சைநீலம்: அதே தரத்து நீலத்தைவிட மலிவு, அழுக்கும் அவ்வளவாகத் தெரியாது.

பத்தர் பட்டறை:
மஞ்சளில் முதல் சிக்கல் பெயர்தான். ‘புஷ்பராகம்’ என்று கேட்டால் மஞ்சள் சஃபையர், டோபாஸ், சிட்ரின் மூன்றில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். பதிக்காத கல் என்றால் நூலில் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடச் சொல்லுங்கள். 5 கேரட் சஃபையர் தண்ணீரில் 1.25 கேரட் இழக்கும், டோபாஸ் 1.42, சிட்ரின் 1.89. சின்னக் கல்லில் நூலின் எடையே கணக்கைக் கெடுக்கும், 2 கேரட்டுக்கு மேல்தான் நம்பலாம். செயற்கை சஃபையரும் 1.25 தான் காட்டும். அதற்கு லென்ஸில் வளைந்த கோடு தேட வேண்டும்; இயற்கைக் கல்லில் நிறப்பட்டைகள் நேர்கோடாகவோ முனை மடிந்தோதான் ஓடும்.

செங்காங் வாசி:
நன்றி அண்ணே. ஒரு கடையில் ஆரஞ்சு கலந்த பிங்க் கல், பத்பராட்சா என்றார்கள். ‘சூடேற்றியது’ என்று பில்லில் எழுதித் தருகிறார்களாம். போதுமா?

கல்தராசு:
போதாது. வெறும் சூடு என்றால் பயமில்லை, சந்தையில் பெரும்பாலான சஃபையர் சூடு கண்டதுதான். ஆனால் 2001 வாக்கில் தாய்லாந்திலிருந்து பெரிலியம் ஊடுருவவிட்ட ஆரஞ்சுக் கற்கள் வந்து குவிந்தன. அதுவும் உலையில் வைப்பதுதான், ஆனால் நிறமே வெளியிலிருந்து வருவது. விலை பல மடங்கு குறைவு. பெரிலியம் மிக லேசான தனிமம், சாதாரண எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியில் சிக்காது. லேசரால் துளி சுரண்டிப் பார்க்கும் ஆய்வகச் சான்றிதழ் வேண்டும். நிற நிலைப்புச் சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். சில கற்களில் வெளிச்சம் பட்டால் ஆரஞ்சு நிறம் கரைந்து வெறும் பிங்க் மிஞ்சும்.

பத்தர் பட்டறை:
இன்னொன்று. பின்னால் மோதிரத்தைச் சிறிதாக்கவோ கல்லைப் பிடிக்கும் நகத்தைப் பற்றவைக்கவோ கொடுத்தால் கல்லைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். கல்மேல் வெண்காரமோ போரிக் அமிலமோ பட்டுச் சூடேறினால் சஃபையரின் மேற்பரப்பையே அரித்துவிடும். வைரத்துக்குப் பூசிப் பழகிய கை சஃபையருக்கும் அப்படியே பூசிவிடுவதுண்டு. அரித்த கல்லை மறுபடி மெருகேற்றலாம், எடை குறையும்.