வாடிக்கையாளர் பணிக்கு ஆயத்த ட்ரோனா, நாமே கட்டிய ட்ரோனா?

கேள்வி:
நில அளவைக்கும் கூரை ஆய்வுக்கும் ட்ரோன் பறக்கவிடுவதைத் தொழிலாகவே தொடங்க இருக்கிறேன். பொழுதுபோக்காக இரண்டு குவாட்காப்டர்களை (நான்கு மோட்டார் ட்ரோன்களை) நானே கட்டிப் பறக்கவிட்டிருப்பதால், ஆர்டுபைலட் என்ற திறமூல ட்ரோன் மென்பொருளில் இயங்கும் ஒன்றைத் தேவைக்கேற்பக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. நண்பர்களோ ஆயத்த ட்ரோனையே வாங்கச் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
நண்பர்கள் சொல்வதே சரி. பொழுதுபோக்கில் ட்ரோன் மேலெழும்பாவிட்டால் ஒரு மாலைதான் வீணாகும். வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது மேலெழும்பாவிட்டால் அவர் தரவிருந்த அடுத்த வேலையும் போய்விடும். நான் முதலில் கட்டியது ஆறு மோட்டார்கள் கொண்டது. தாழப் பறந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை; உயரே கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தினால், நிற்காமல் வட்டமடித்து, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. பேட்டரியின் மின்கம்பி காம்பஸுக்கு இரண்டு விரற்கடை தள்ளி ஓடியதும், அதில் மின்னோட்டம் கூடும்போது எழுந்த காந்தப்புலம் திசையைக் குழப்பியதும் பதிவுக் கோப்புகளைப் பல இரவுகள் புரட்டிய பிறகே விளங்கின. காம்பஸைச் சிறு கம்பத்தின் மேல் உயர்த்தியதும் தொல்லை தீர்ந்தது. நல்ல ஆயத்த ட்ரோனில் இந்த வேலையைத் தயாரிப்பாளரே முடித்திருப்பார்.

பதில் 2:
முழுமையாக உடன்பட முடியவில்லை. ஆயத்த ட்ரோனில் பேட்டரி முதல் மென்பொருள் வரை தயாரிப்பாளர் வைத்ததே சட்டம். அவர் அந்த மாடலைக் கைவிட்டால், நல்ல நிலையில் உள்ள ட்ரோனும் பேட்டரி கிடைக்காமல் மூலையில் கிடக்கும். பொருத்த வேண்டிய சென்சார் சந்தையில் உள்ள எந்த ட்ரோனிலும் பொருந்தாது என்றால், கட்டுவதைத் தவிர வழியில்லை.

ஆயினும் தாங்கள் குறிப்பிட்ட நில அளவையில் ஒரு நுட்பம் இருக்கிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கையில், படம் எடுத்த கணத்துக்கும் இருப்பிடம் பதிவான கணத்துக்கும் 0.1 நொடி வேறுபட்டால், படத்தின் இடம் ஒரு மீட்டர் பிசகிவிடும். அதன்பின் ஆர்டிகே கருவி (இருப்பிடத்தைச் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தித் தரும் செயற்கைக்கோள் இடங்காட்டி) எத்தனை துல்லியமாக இருந்தும் பயனில்லை. கேமராவின் ஹாட்ஷூ (ஃப்ளாஷ் பொருத்தும் இணைப்பு) வழியாக ஷட்டர் திறந்த கணத்தைப் பிடித்து, ட்ரோனின் பறத்தலைக் கட்டுப்படுத்தும் ஃப்ளைட் கண்ட்ரோலருக்கு அனுப்ப வேண்டும். அளவைக்கென்றே வரும், இயந்திர ஷட்டரும் (பறக்கும்போது எடுத்தாலும் படம் கோணாமல் காப்பது) ஆர்டிகேயும் உள்ள ஆயத்த ட்ரோனில் இந்த ஒத்திசைவு ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. தங்கள் இரண்டு பணிகளுக்காகவும் நான் கட்டமாட்டேன்.

பதில் 3:
எதை வாங்குவதற்கு முன்பும் தங்கள் நாட்டு விதிகளைப் படித்துவிடுங்கள், காப்பீட்டாளரிடமும் கேட்டுவிடுங்கள். தாமே கட்டிய ட்ரோனுக்கு எடைச் சான்றும் பராமரிப்புப் பதிவும் கேட்டால், அவற்றைத் தயாரிக்க வேண்டியவர் தாங்கள்தான்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அளவைக்கு இயந்திர ஷட்டர் உள்ள ஆயத்த ட்ரோனையே வாங்குகிறேன். என் பழைய குவாட்காப்டரும் இப்படி வட்டமடிப்பதுண்டு. இதுவரை காற்றின் மேல் பழிபோட்டுக்கொண்டிருந்தேன். இன்றே அதன் காம்பஸை இடம் மாற்றிப் பார்க்கிறேன்.