ஜேயூனிட்டில் லிஸ்டுக்குள் அரே: சமமா என்று சோதிப்பது எப்படி?

வணக்கம். மூன்று நாளாக ஒரே டெஸ்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஜாவா 17, ஜேயூனிட் 5 (ஜாவாவில் டெஸ்ட் எழுதும் லைப்ரரி). என் மெத்தட் தருவது ஒரு மேப்: அதில் கீ ஊரின் பெயர்; வேல்யூ இன்ட் அரேக்களின் (முழு எண் வரிசைகளின்) லிஸ்ட். ஒவ்வொரு அரேயும் ஒரு பேருந்து வழி, அதற்குள் நிறுத்த எண்களின் வரிசை மாறக்கூடாது. ஆனால் ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள் கணக்கிட்டுச் சேர்ப்பதால், லிஸ்டில் வழிகள் எந்த வரிசையிலும் வரலாம். ஒரே வழி இரண்டு முறையும் வரலாம், அதையும் எண்ண வேண்டும்.

எதிர்பார்த்த மேப்பையும் வந்த மேப்பையும் ஒப்பிட அஸர்ட் ஈக்குவல்ஸ் போட்டால் எண்கள் அத்தனையும் ஒன்றாக இருந்தும் ஃபெயில். அரேயின் ஈக்குவல்ஸ் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும்தானே பார்க்கும். பிழைச் செய்தியிலும் எண்கள் இல்லை, ஏதோ ஹெக்ஸ் குப்பை. அஸர்ட் இட்டரபிள் ஈக்குவல்ஸ் உள்ளே இருக்கும் லிஸ்ட் வரை இறங்குகிறது, அரேயில் நின்றுவிடுகிறது. அப்புறம் அரேயை லிஸ்டாக மாற்ற அரேஸ் டாட் ஆஸ்லிஸ்ட் முயன்றேன். அது இன்ட் அரே முழுவதையும் ஒரே உறுப்பாக எடுத்துக்கொண்டது (இதில் அரை நாள் போச்சு). கடைசியில் ஒவ்வொரு அரேயையும் ஸ்ட்ரீம், பாக்ஸ்ட் வழியாக லிஸ்டாக்கி ஹேஷ்செட்டில் (வரிசை பார்க்காத, ஒரே உறுப்பை இரண்டு முறை வைக்காத தொகுப்பு) போட்டேன். டெஸ்ட் பாஸ்! ஆனால் இரட்டை வழி காணாமல் போனாலும் பாஸ் ஆகிறது. இது ஃபெயிலை விட மோசம்.

அலுவலகத்தில் அஸர்ட்ஜே (ஒப்பீடுகளை எளிதாக்கும் டெஸ்ட் லைப்ரரி) போன்ற புது லைப்ரரி சேர்க்க அனுமதி இல்லை.

வெளி வரிசையை விட்டு, உள் வரிசையையும் எண்ணிக்கையையும் பார்த்து, ஃபெயில் ஆனால் எண்களையும் காட்டும்படி, ஜேயூனிட்டை மட்டும் வைத்து இதை எப்படி எழுதுவீர்கள்?