குளொனாசெபாம்: பாதி அளவுக்குப் பின்னர் எப்படிக் குறைத்தீர்கள்?

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் வசிக்கும் நான், பதகளிப்புக்காக 11 ஆண்டுகளாக இரவில் குளொனாசெபாம் என்ற மன அமைதிக்கான மருந்தை 1 மில்லிகிராம் எடுத்து வந்தேன். ஒருமுறை நானாகவே ஒரேயடியாக நிறுத்திவிட்டு, மூன்று இரவுகள் நித்திரையின்றி, கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்புமாகத் தவித்து, மீண்டும் குளிசைக்கே திரும்பினேன். இவ்வகை மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம் என்பது அதன் பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

இம்முறை வைத்தியரின் மேற்பார்வையில், 0.5 மில்லிகிராம் குளிசையைக் காற்பங்குகளாக வெட்டி, இரண்டு மாதங்களுக்கு ஒரு காற்பங்கு வீதம் குறைத்து, எட்டு மாதங்களில் பாதி அளவுக்கு வந்துவிட்டேன். சிக்கல் இப்போதுதான் தொடங்குகிறது. தொடக்கத்தில் எடுத்த அளவில் எட்டில் ஒன்றாக இருந்த அதே காற்பங்கு, இன்று நான்கில் ஒன்றாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் 5 தொடக்கம் 10 வீதம் மட்டுமே குறைப்பது நல்லது என்று மருத்துவ வழிகாட்டல்கள் கூறும்போது, சமையலறைக் கத்தியால் அவ்வளவு நுணுக்கமாக எப்படி வெட்டுவது? வெட்டும்போது பாதி தூளாகிவிடுகிறது.

உடலில் நீண்ட நேரம் தங்கும், இதே வகை மருந்தான டயசெபாமுக்குச் சமமான அளவில் மாறி, அதன் 2 மில்லிகிராம் குளிசைகளைக் கொண்டு குறைக்கலாம் என்கிறார் வைத்தியர். அவ்வாறு மாறியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? பகலில் தூக்கக் கலக்கம் இருந்ததா? திரவ வடிவில் அளந்து தயாரித்துத் தரும் மருந்தகம் கொழும்பில் உண்டா? அனுபவத்தை மட்டுமே கேட்கிறேன்; வைத்தியரைக் கேளாமல் அளவை மாற்ற மாட்டேன். அடுத்த சந்திப்பு இரண்டு கிழமைகளில் இருப்பதால், அதற்கு முன்னர் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.