சென்ட்ரல் ஹீட்டிங் இல்லாத வீடு, அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை. உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் இருப்பது பழைய வாடகை வீடு. விடியற்காலையில் அம்மாவின் அறையில் 13 டிகிரிதான் இருக்கிறது. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி வேறு. விரல்கள் விறைத்துப்போய் டம்ளரைப் பிடிக்கவே சிரமப்படுகிறார். பார்க்க மனசு தாங்கவில்லை.

கதவடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்தேன். ஜன்னல் இடுக்குகளில் ஃபோம் டேப் ஒட்டி, கனமான திரையும் போட்டேன். பகலில் வெயில் விழும்போது திரையை விலக்கி, இருட்டுவதற்கு முன் மூடிவிடுகிறேன். குளிர்காற்று நுழைவது நன்றாகவே குறைந்தது. ஆனால் இப்போது கண்ணாடியில் தண்ணீர் கோத்து வழிகிறது, அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு இதுதான் பெரிய கவலை. தினமும் பத்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்தால் ஈரம் போய்விடும் என்கிறார்கள். அதோடு சேர்த்துவைத்த சூடும் போய்விடாதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்த ஒரு அறைக்கு மட்டும் 1500 வாட் ஆயில் ஹீட்டர் வாங்கலாமா, இல்லை, படுக்கைக்கு மின்சாரப் போர்வையே போதுமா? போர்வைக்குக் கரண்ட் மிகக் குறைவு, ஆனால் எழுந்து நடமாடும்போது உதவாதே!

கரி அடுப்பை உள்ளே வைக்கும் யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சுவரில் துளை போடவும் வீட்டுக்காரர் அனுமதிக்க மாட்டார். அதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.